விண்டோஸ் 11-க்கு மாற மூன்று வழிகள்: உங்கள் கோப்புகளுக்கு எது நல்லது?

விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதற்குப் பிறகும் கம்ப்யூட்டர் ஓடுகிறது, டேலி திறக்கிறது, பிரிண்டர் அச்சடிக்கிறது. அதனால்தான் பலர் இன்னும் மாறவில்லை. மாறலாம் என்று நினைப்பவர்களும் முதலில் கேட்பது "என் சிஸ்டத்தில் 11 ஏறுமா?" என்றுதான். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சின்ன மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் அதற்கு உடனே பதில் கிடைத்துவிடும். அதைவிடச் சிக்கலான கேள்வி, எப்படி ஏற்றுவது என்பது. பத்து வருடப் படங்களும் கணக்கும் கடிதங்களும் தப்புமா என்பது அதைப் பொறுத்ததுதான்.

வழிகள் மூன்று. ஓடிக்கொண்டிருக்கும் 10-இன் மேலேயே 11-ஐ ஏற்றலாம். டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாம். இல்லையென்றால் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்றைப் புதிதாக வாங்கி அதில் 11-ஐப் போட்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றித் தனியாக வைத்துவிடலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கழற்ற முடிகிற டிஸ்க் என்றால் மூன்றாவதுதான். மற்ற இரண்டும் தவறு என்று அர்த்தமில்லை. அவை இரண்டும் கோப்புகள் இருக்கும் அதே டிஸ்க்கிலேயே வேலை செய்கின்றன. மூன்றாவது அதைத் தொடுவதே இல்லை.

முதலில், கோப்புகள் எங்கே இருக்கின்றன?

"டேட்டா எல்லாம் டி டிரைவில் இருக்கு, சி-யை மட்டும் ஃபார்மேட் பண்ணுங்க." சர்வீஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. சி, டி, ஈ என்று மூன்று பெயர் தெரிந்தாலும் பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க்தான். டிஸ்க் போனால் மூன்றும் சேர்ந்தே போகும். டி-யில் வைப்பது பேக்கப் ஆகாது. விண்டோஸ் 11 விஷயத்தில் அந்த டி டிரைவுக்கே தனியாக ஒரு ஆபத்து உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

அதோடு, எல்லாம் டி-யில் இருக்கிறது என்பதும் பாதிதான் உண்மை. டெஸ்க்டாப்பில் வைத்ததும் டவுன்லோட்ஸில் இறங்கியதும் சி டிரைவில், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வந்த பில்களைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டிருப்போம், அவையும் சி-யில்தான். டேலிபிரைம் டேட்டா வழக்கமாக சி டிரைவின் யூசர்ஸுக்குள், பப்ளிக் என்ற ஃபோல்டரில், வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்களாக இருக்கும். பெயரைப் பார்த்து அது உங்கள் கடையின் கணக்கு என்று யாருக்கும் தெரியாது. கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் அதன் பாதை தெரியும், குறித்துக்கொள்ளுங்கள். டேலியை மூடிவிட்டுத்தான் அந்த ஃபோல்டரைக் காப்பி எடுக்க வேண்டும். அவுட்லுக்கும் அப்படியே. பழைய முறையில் மெயில்களை இறக்கி வைத்திருப்பவர்களுக்கு எல்லா மெயிலும் ஒரே பெரிய பிஎஸ்டி கோப்பாக இருக்கும். டாக்குமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற இடத்தில் தேடுங்கள்.

குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் இன்னொரு பொறி. ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டரிலிருந்து குரோமின் கோப்புகளை மொத்தமாகக் காப்பி எடுத்தால் புக்மார்க்குகள் வரும், பாஸ்வேர்டுகள் வராது. அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை. கூகுள் கணக்கோடு தானாக ஒத்திசையும்படி சிங்க் போட்டிருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் குரோமின் அமைப்புகளில் போய் ஏற்றுமதி செய்து கொள்ளுங்கள். அப்படி வரும் கோப்பு யார் திறந்தாலும் படிக்கிற மாதிரி இருக்கும், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

இனி, தமிழில் டைப் செய்பவர்களுக்கு மட்டும் உள்ள ஒரு விஷயம். பாமினி, வானவில், டாம், டாப் என்று யூனிகோடு என்ற இன்றைய பொது எழுத்து முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் ஏராளமாகக் கிடக்கின்றன. டிடிபி கடைகளில், அச்சகங்களில், கோயில் அழைப்பிதழ் அடிப்பவர்களிடம், பள்ளிக் கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடம், இலங்கையில் பாமினிக்குப் பழகிய அலுவலகங்களில். அந்தக் கோப்புக்குள் தமிழ் எழுத்து என்று எதுவும் கிடையாது. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்கும் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டுவது எழுத்துருதான். கோப்பு பத்திரமாக வந்து எழுத்துரு வராமல் போனால், திறந்தவுடன் தலையும் வாலும் இல்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தெரியும். "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு" என்று பயந்துவிடுவார்கள். ஒன்றும் ஆகவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். ஆனால் இருபது வருடத்துக்கு முன் யாரோ சிடியில் கொடுத்த எழுத்துருவை இன்றைக்குத் தேடிப் பிடிப்பது லேசான வேலையில்லை. ஆகவே சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாகக் காப்பி எடுங்கள். விண்டோஸ் 10-இல் ஒரு பயனருக்கு மட்டும் என்று நிறுவிய எழுத்துருக்கள் அங்கே இருக்காது. ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போனால் அவை கிடைக்கும். தட்டச்சுக்கு என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை என்று எதை வைத்திருக்கிறீர்களோ அதன் செட்டப் கோப்பையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

மேலேயே ஏற்றுவது

இதுதான் மைக்ரோசாஃப்ட் காட்டும் வழி, பெரும்பாலோர் போகும் வழியும் இதுதான். செட்டப் உங்களிடம் கேட்கும்: கோப்புகளையும் மென்பொருட்களையும் வைத்துக்கொள்ளவா, கோப்புகளை மட்டுமா, எதுவும் வேண்டாமா? முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் காப்பி எடுத்துத் திரும்பப் போடும் வேலை இல்லை. டேலி இருந்த இடத்தில் இருக்கும், எழுத்துருக்கள் இருக்கும், பிரிண்டர் டிரைவர்கூடப் பெரும்பாலும் இருக்கும். செட்டப் சிடி தொலைந்துபோன பழைய மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் இன்னும் வேலை ஓடும் கடைக்குப் போய் "எல்லாத்தையும் புதுசா போட்டுக்கலாம்" என்றால் உதைதான் கிடைக்கும்.

நடுவில் கரண்ட் போனாலோ ஏற்றுதல் தோற்றாலோ பழைய விண்டோஸுக்கே திரும்பும்படிதான் செட்டப் எழுதப்பட்டிருக்கிறது. முடிந்த பிறகும் பழைய சிஸ்டம் முழுவதும் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டராக இருக்கும். பிடிக்கவில்லை என்றால் அமைப்புகளில் ரெகவரி பகுதிக்குப் போய்ப் பழையதற்கே திரும்பலாம். ஆனால் பத்து நாள்தான். அதற்குப் பிறகு விண்டோஸ் தானே அந்த ஃபோல்டரை அழித்துவிடும். டிஐஎஸ்எம் என்ற கட்டளையில் இந்தக் கெடுவை அறுபது நாள் வரை நீட்டிக்க முடியும். பத்து நாள் முடிவதற்குள் செய்தால்தான் பலிக்கும். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பை ஓட்டி, முந்தைய விண்டோஸ் நிறுவல் என்ற பெட்டியிலும் டிக் போட்டு, திரும்பும் வழியைத் தாங்களே அடைத்துக்கொள்பவர்களும் உண்டு.

இவ்வளவு சொகுசாக இருந்தால் பேக்கப் எதற்கு? 2018 அக்டோபரில் நடந்ததைப் பாருங்கள். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு வெளியான சில நாட்களிலேயே, அப்டேட் ஆனவுடன் கோப்புகள் காணாமல் போவதாகப் புகார்கள் குவிந்தன. அக்டோபர் 6-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வைத்தது. சரிசெய்து மறுபடி வெளியிட்டது நவம்பர் 13-இல். பாதிக்கப்பட்டவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் என்பது அந்த நிறுவனம் சொன்ன கணக்கு.

யார் அந்த ஒருவர் என்பதுதான் நமக்கு வேண்டியது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களின் இருப்பிடத்தை சி-யிலிருந்து வேறு டிரைவுக்கு மாற்றி வைத்தவர்கள். மாற்றும்போது பழைய இடத்தில் இருந்த கோப்புகளை நகர்த்தாமல் விட்டிருந்தால், "இந்தப் பழைய ஃபோல்டர் இனி வேண்டாதது" என்று அப்டேட் அதை உள்ளே இருந்ததோடு சேர்த்து அழித்துவிட்டது. பாதுகாப்புக்காக டி-க்கு மாற்றிக்கொள்ளச் சொல்லி நம் ஊரில் எத்தனை பேர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்! அந்தப் பிழை அப்போதே திருத்தப்பட்டது. இன்றைக்கு அது உங்களைத் தாக்காது. ஆனால் இவ்வளவு பெரிய நிறுவனம் சோதித்து வெளியிட்ட அப்டேட்டிலும் இப்படி நடக்க முடியும் என்றால், விண்டோஸ்.ஓல்ட் ஒன்றை மட்டும் நம்பி உட்கார முடியாது. அதுவும் அதே டிஸ்க்கில் இருப்பதுதானே.

இந்த வழி யாருக்கு? டிஸ்க்கைக் கழற்ற முடியாத மெல்லிய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறை எல்லாம் ஏற்கெனவே சரியாக இருக்கும் 2019-க்குப் பிந்தைய கம்ப்யூட்டர்களுக்கு. வெளி டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்துவிட்டவர்களுக்கு. மூன்றாவது நிபந்தனை எல்லாருக்கும் பொது.

துடைத்துவிட்டுப் போடுவது

குப்பை சேர்ந்து, மெதுவாகி, எந்தெந்தக் கோமாளி மென்பொருளோ தானாக எழுந்துவரும் சிஸ்டத்துக்கு இது நிம்மதி தரும். முடிந்தவுடன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியது போல இருக்கும். கோப்புகள் என்று பார்த்தால் மூன்று வழிகளில் இதுதான் மோசம். காப்பியில் விட்டுப்போனது எதுவோ அது போனது போனதுதான்.

டி டிரைவுக்கு ஒரு ஆபத்து என்றேனே, அது இங்கேதான். விண்டோஸ் 11 யுஇஎஃப்ஐ முறையில் துவங்க வேண்டும், அதற்கு டிஸ்க் ஜிபிடி என்ற அமைப்பில் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸ் 7 காலத்தில் பிரித்து அதன் மேல் 10-ஐ ஏற்றிய டிஸ்க்குகள் பல எம்பிஆர் என்ற பழைய அமைப்பிலேயே இருக்கின்றன. கோப்புகளை அழிக்காமல் மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் அது சில நிபந்தனைகள் போடும். டிஸ்க்கில் மூன்று பிரைமரி பகுதிகளுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் பகுதி அறவே இருக்கக் கூடாது. சி, டி, ஈ, எஃப் என்று நாலாகப் பிரித்த பழைய டிஸ்க்குகளில் சி தவிர மற்றவற்றில் சிலவாவது பெரும்பாலும் அந்த எக்ஸ்டெண்டட் பகுதிக்குள்தான் இருக்கும். கருவி முடியாது என்று மறுத்துவிடும். அவசரத்தில் இருப்பவர் அடுத்துச் செய்வது டிஸ்க் முழுவதையும் துடைத்து ஜிபிடி ஆக்குவது. சி-யை மட்டும் ஃபார்மேட் பண்ணச் சொன்னவரின் டி டிரைவும் அதோடு போய்விடும். செய்தவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, 11 வேண்டும் என்று கேட்டது நாம்தான். ஆகவே கடையில் கொடுப்பதானால் "டிஸ்க் எம்பிஆரா ஜிபிடியா?" என்று முதலில் கேளுங்கள். எம்பிஆர் என்றால் டி, ஈ எல்லாவற்றையும் காப்பி எடுக்காமல் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் வசதி. சமீபத்திய லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால், நீங்கள் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போடும்போது இது இன்னும் பரவலாகத் தானாகவே நடக்கிறது. பயாஸ் என்ற துவக்க அமைப்புத் திரைக்குள் போய் எதையாவது மாற்றினால், அடுத்த முறை துவங்கும்போது 48 இலக்கத் திறவுகோலைக் கேட்டு நீலத்திரை வந்து நிற்கும். அது இல்லாமல் கோப்புகளை எடுக்க வழியே கிடையாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது. வேலையைத் தொடங்கும் முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடி எடுத்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயாஸைத் தொடும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியும் வையுங்கள்.

புது எஸ்எஸ்டி

பழைய சிஸ்டத்தைத் துடைப்பதற்குப் பதில் கழற்றி வைப்பது. டெஸ்க்டாப்பிலும் கொஞ்சம் தடிமனான லேப்டாப்பிலும் சில திருகுகளைக் கழற்றினால் போதும். புது எஸ்எஸ்டியில் 11-ஐப் போட்டு, பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேஸ் ஒன்றில் வைத்து இணைத்தால் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். எதை மறந்தீர்கள் என்ற பயம் இல்லை, முழுச் சிஸ்டமும் அப்படியே அங்கே இருக்கிறது. ஒரு மாதம் கழித்து "அந்த எழுத்துரு எங்கே போச்சு?" என்று தோன்றினாலும் எடுக்கலாம். ஏதோ ஒன்று பிடிக்கவில்லை என்றால் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் நேற்றைய கம்ப்யூட்டர் வந்துவிடும். பத்து நாள் கெடு எதுவும் இல்லை. விண்டோஸின் லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டோடு சேர்ந்தது. 10 முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால் டிஸ்க் மாறியதற்காக மறுபடி வாங்க வேண்டியதில்லை.

செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஓடும் கம்ப்யூட்டராக இருந்தால் எஸ்எஸ்டி எப்படியும் வாங்க வேண்டியதுதான். அந்த டிஸ்க்கில் விண்டோஸ் 11 ஆமை வேகத்தில் நகரும். பேக்கப்புக்கென்று தனியாக ஒரு வெளி டிஸ்க் வாங்கும் காசை இதில் போட்டால் வேகமும் கிடைக்கிறது, பழைய டிஸ்க் காப்பியாகவும் நிற்கிறது.

மாட்டும் முன் உங்கள் போர்டில் எம்.2 என்ற சின்ன எஸ்எஸ்டி செருகும் இடம் இருக்கிறதா, அது ஏற்கும் இணைப்பு வகை என்விஎம்ஈயா சாட்டாவா என்று பார்த்து வாங்குங்கள். டெஸ்க்டாப்பில் இரண்டு டிஸ்க்கும் உள்ளேயே இருக்கப் போகிறது என்றால், 11-ஐப் போடும்போது மட்டுமாவது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் இணைந்திருந்தால் செட்டப் சில சமயம் துவக்கக் கோப்புகளைப் பழைய டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடும். பின்னால் அதைக் கழற்றினால் புது விண்டோஸ் துவங்காது. தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துத் துடைத்துவிடும் வாய்ப்பும் கேபிள் இல்லாவிட்டால் இல்லை.

இந்த வழியின் குறை, மென்பொருட்களை எல்லாம் மறுபடி நிறுவ வேண்டும் என்பது. டிடிபி கடைக்கும் கணக்கு அலுவலகத்துக்கும் அது பெரிய குறைதான். அதற்கும் ஒரு மாற்று உண்டு: பழைய டிஸ்க்கை அப்படியே புது எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்து, பழையதைக் கழற்றி வைத்துவிட்டு, குளோனின் மேல் 11-ஐ ஏற்றுவது. முதல் வழியின் வசதியும் மூன்றாவது வழியின் பாதுகாப்பும் சேர்ந்து வரும். குளோன் செய்யும் குளோன்சில்லா என்ற மென்பொருள் இலவசம், ஆனால் திரை பழங்காலத்துக் கறுப்புத் திரை. எதிலிருந்து எதற்கு என்று கேட்கும் இடத்தில் இரண்டு முறை படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள், மாற்றிச் சொன்னால் காலியான டிஸ்க்கை நிரம்பிய டிஸ்க்கின் மேல் எழுதிவிடும். புது டிஸ்க் பழையதின் அளவுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் வேலை சுலபம். எம்பிஆர் சிக்கல் இருந்தால் அந்த விஷப்பரீட்சையையும் குளோனில் செய்து பார்க்கலாம். கெட்டால் கெட்டது குளோன்.

பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்ததோடு எல்லாம் முடிந்தது என்றும் இருக்கக் கூடாது. அது ஏற்கெனவே பல வருடம் ஓடிய டிஸ்க். வேண்டியவற்றைப் புதிதில் காப்பி எடுத்து முடிக்கும் வரை உங்களிடம் இருப்பது ஒரே பிரதி. பழையதும் எஸ்எஸ்டியாக இருந்தால், மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அதில் உள்ளது மங்கிப்போகக்கூடும். ஹார்டு டிஸ்க் இந்த விஷயத்தில் தேவலை.

மாறாமலே இருந்தால்?

இருக்கலாம். வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களை நீட்டிக்கும் இஎஸ்யு திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அமைப்புகளைக் கிளவுடில் சிங்க் செய்ய ஒத்துக்கொண்டால் காசு வேண்டாம், இல்லையென்றால் 30 டாலர் அல்லது 1000 ரிவார்ட்ஸ் புள்ளி. மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். தகுதியில்லாத கம்ப்யூட்டரில் ரூஃபஸ் போன்ற கருவியால் 11-ஐத் திணிக்கவும் முடியும். அப்படிச் செய்தால் அப்டேட் வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்கிறது மைக்ரோசாஃப்ட். கடைக் கணக்கு இருக்கும் சிஸ்டத்தில் இதை நான் சொல்ல மாட்டேன். உலாவியும் மெயிலும் மட்டும் போதும் என்றால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் நல்ல இடம். பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கைத் தொடாது. விண்டோஸ் துவங்காமல் படுத்துவிட்ட சிஸ்டத்திலிருந்து, பூட்டப்படாத டிஸ்க் என்றால், கோப்புகளை வெளியே எடுக்கவும் அதே பென்டிரைவ் உதவும்.

காப்பியை எதில் வைப்பது?

வெளி ஹார்டு டிஸ்க்தான் என் தேர்வு. 200 ஜிபியை யுஎஸ்பி 2.0-வில் எடுத்தால் இரண்டு மணி நேரம்போல ஆகும். யுஎஸ்பி 3.0-வில் பெரிய கோப்புகளாக இருந்தால் முக்கால் மணியில் முடியலாம். பென்டிரைவ் எடுத்துச் செல்வதற்கு, வைத்திருப்பதற்கு அல்ல. பல பென்டிரைவ்கள் எஃப்ஏடி32 அமைப்பில் வருகின்றன. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. கல்யாண வீடியோவும் அவுட்லுக்கின் பிஎஸ்டியும் சரியாக இந்த இடத்தில்தான் மாட்டும். நூறு கோப்புகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் பிழை காட்டும்போது ஸ்கிப் என்று அழுத்திவிட்டுப் போய்விடுவோம். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக மாற்றிவிட்டு எடுங்கள்.

கிளவுடைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒன்டிரைவில் இலவசம் 5 ஜிபி, கூகுளில் 15 ஜிபி. முக்கியமான பத்திரங்களுக்குப் போதும், படங்களுக்குப் போதாது. விநாடிக்கு 20 எம்பிட் வேகத்தில் 200 ஜிபியை ஏற்ற ஒரு நாள் முழுக்க ஆகும். அதைவிட முக்கியம், சிங்க் வேறு, பேக்கப் வேறு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ஒன்டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு இல்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஃபோல்டரில் கோப்பின் பெயர் தெரியும், பக்கத்தில் சின்ன மேகப் படம் இருக்கும். கோப்பு உங்கள் டிஸ்க்கில் இல்லை, கிளவுடில் மட்டும்தான் இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாம் அதில் இருக்கிறது என்று நினைத்தால் ஏமாற்றம். மேகப் படம் உள்ளவற்றை முன்கூட்டியே "இந்தக் கருவியில் எப்போதும் வைத்திரு" என்று இறக்கிவிடுங்கள்.

எடுத்த காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து, ஒரு படம், ஒரு டேலி கம்பெனி, ஒரு பழைய தமிழ்க் கோப்பு என்று நிஜமாகவே திறந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஃபோல்டரின் அளவும் கோப்பு எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். இதைச் செய்யாத காப்பியைக் காப்பி என்று நான் கணக்கில் எடுப்பதில்லை.

போய்விட்டது போலத் தெரிந்தால்

ஏற்றி முடித்தவுடன் டெஸ்க்டாப் காலியாக இருந்தால் உடனே கடைக்கு ஓட வேண்டாம். பெரும்பாலும் கோப்பு இடம் மாறியிருக்கும், அழிந்திருக்காது. ஒன்டிரைவ் பேக்கப் ஆன் ஆகியிருந்தால் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடிபோயிருக்கும், அங்கே பாருங்கள். தற்காலிகக் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள் என்று ஓர் அறிவிப்பு வந்தால் கம்ப்யூட்டரை மறுதொடக்கம் செய்யுங்கள். அந்தக் கணக்கில் எதையும் சேமிக்காதீர்கள், வெளியேறினால் போய்விடும். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பழைய பெயரில் இன்னொரு ஃபோல்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். துடைக்காமல் மேலே போட்டிருந்தால் விண்டோஸ்.ஓல்டுக்குள் இருக்கும் யூசர்ஸில் தேடுங்கள். அனுமதி கேட்டால் தொடரவும் என்று கொடுத்துக் காப்பி எடுங்கள், கட் பண்ண வேண்டாம்.

எங்கும் இல்லை என்றால் அடுத்தது டிஸ்க் என்ன வகை என்பதைப் பொறுத்தது. ஹார்டு டிஸ்க்கில் அழித்த கோப்பு, அதன் மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். கம்ப்யூட்டரை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து, ஃபோட்டோரெக், ரெகுவா, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபைல் ரெகவரி போன்றவற்றால் தேடலாம். கிடைப்பதை மூன்றாவது ஒரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்கி நிறுவுவது, தேடும் கோப்பின் மேலேயே எழுதுவதற்குச் சமம். ஃபோட்டோரெக் படங்களை நன்றாக மீட்கும், ஆனால் பெயர்கள் போய்விடும். ஆயிரம் படங்களுக்கு எண் மட்டும் இருக்கும்.

எஸ்எஸ்டி என்றால் நிலைமை வேறு. கோப்பை அழித்தவுடன் ட்ரிம் என்ற கட்டளையை விண்டோஸ் அனுப்புகிறது. அந்த இடங்கள் இனி வேண்டாதவை என்று எஸ்எஸ்டி குறித்துக்கொண்டு தன் போக்கில் துடைத்துவிடும். குவிக் ஃபார்மேட் செய்தாலும் அப்படித்தான். பிறகு எந்த மென்பொருளுக்கும் அங்கே படிக்க ஒன்றும் இருக்காது. பெருநகரங்களில் இருக்கும் மீட்பு நிறுவனங்களும் இந்த விஷயத்தில் அதிசயம் செய்ய முடியாது. டிஸ்க்கே பழுதாகி டிக் டிக் என்று சத்தம் வரும் ஹார்டு டிஸ்க்குக்குத்தான் அவர்களிடம் போக வேண்டும், அதுவும் வீட்டில் எதையும் ஓட்டிப் பார்க்காமல். எடுத்துக் கொடுத்தால்தான் கட்டணமா, பார்ப்பதற்கே கட்டணமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது செய்வது என்பதையும் யோசியுங்கள். கடைக் கம்ப்யூட்டர் என்றால் மாதா மாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதிக்கு முந்தைய வாரம் வேண்டவே வேண்டாம், மார்ச் கடைசியும் வேண்டாம். தாக்கல் முடிந்த மறுநாள் தொடங்கினால் அடுத்த பத்து நாளும் பொதுவாகக் கொஞ்சம் ஓய்வாக இருக்கும். அதற்குள் டேலி, பிரிண்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய தமிழ்க் கோப்பு ஒவ்வொன்றையும் ஒரு முறையாவது திறந்து பார்த்துவிடலாம். சரியில்லை என்றால் திரும்பிப் போகும் வழி அப்போது இன்னும் திறந்தே இருக்கும்.